மண்டபத்தில் முளைத்த முடி

கோமகன் ஆல்ட்கரின் மகனுக்கு அவனுடைய அக்காவே தலைமுடியை வெட்டிய மூன்றாம் நாள் விடியலில், வெட்டிய முடி மண்டபத்து மண்தரையிலிருந்து முளைத்திருந்தது. கூட்ட வந்த வேலைக்காரி, முந்தின நாள் சரியாகக் கூட்டவில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு விளக்குமாற்றை அழுத்தி இழுத்தாள். முடி வரவில்லை, விளக்குமாறுதான் ஒடிந்தது. குனிந்து ஒரு கற்றையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நாற்றைப்போல அது மண்ணுக்குள் வேர் விட்டிருப்பது கையில் தெரிந்தது. அவள் போய் வேறு விளக்குமாறு எடுத்துவந்து, முளைத்திருந்ததைச் சுற்றி மீதி இடத்தைக் கூட்டிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

ஆயிரத்து இருநூறு, முந்நூறு வருடங்களுக்கு முந்தைய கதை இது. வடக்கே காடும் தெற்கே பனிமலையும் இருக்க, நடுவே பச்சை நிறத்தில் ஓர் ஆறு ஓடிய ஜெர்மானிய நாடு. அரசன் என்று ஒருவன் தூரத்தில் எங்கோ இருந்தான். பக்கத்தில் இருந்து ஆண்டவர் கோமகன்தான். கோமகன் வீட்டு ஆண்கள் பிறந்ததிலிருந்து முடி வெட்டுவதில்லை. தலையில் முடி இருக்கிறவனுக்குத்தான் தலைமேல் முடி என்பது அந்த நாட்டுச் சட்டம். வெட்டுவதற்கும் ஒரு சட்டம் இருந்தது. பகைவன் வெட்டினால் அது வெறும் காயம், வளர்ந்ததும் ஆறிவிடும். சொந்த வீட்டுப் பெண்ணின் கை வெட்டினால் அது தீர்ப்பு, எத்தனை வளர்ந்தாலும் ஆறாது.

பனி உருகத் தொடங்கிய நாளில் ஆல்ட்கர் வேட்டைக்குப் போன இடத்தில் செத்துப்போனார். காட்டுப்பன்றி கிழித்துவிட்டது என்று உடன் போன தம்பி வுல்ஃபார் சொன்னார். உடலைக் கழுவியவள் மகள் ரோட்லிண்டா. பன்றிக்கு ஈட்டி பிடிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் யாரிடம் சொல்வது? நாற்பது நாள் முடிவதற்குள் வுல்ஃபார் அண்ணன் மனைவி கிஸெலாவை மணந்துகொண்டு, அண்ணனின் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் மகன் அடல்மரைக் கொண்டுவரச் சொன்னார். பையனுக்குப் பதினேழு வயது, இடுப்புவரை தேன் நிறத்தில் முடி.

"கழுத்தா, முடியா?" என்று வுல்ஃபார் கிஸெலாவைக் கேட்டார். "உன் பிள்ளை. நீயே சொல். முடி என்றால் கத்தரிக்கோலை நீயே எடு."

கிஸெலா தரையைப் பார்த்தாள். அவள் கண் இமைக்கவில்லை, கை அசையவில்லை. வுல்ஃபார் பத்து எண்ணும் நேரம் காத்திருந்துவிட்டு, கத்தியோடு நின்ற ஆளுக்குத் தலையசைக்கப் போனபோது, ஆட்டு ரோமம் வெட்டும் பெரிய கத்தரிக்கோலை ரோட்லிண்டாதான் பாய்ந்து எடுத்தாள். அவளுக்கு இருபது வயது. தம்பியின் பின்னால் போய் நின்றதும் அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"சீக்கிரம்."

அவள் வெட்டினாள். வெட்டும்போது நாற்காலியில் இருந்தவரைச் சபித்தாள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளைச் சபித்தாள், சுற்றி நின்று கேடயத்தில் சாய்ந்து வேடிக்கை பார்த்த அத்தனை வீரர்களையும் பெயர் பெயராகச் சபித்தாள், எல்லாம் வாய்க்குள்ளேயே. அன்று மாலைக்குள் அடல்மரை ஆற்றுக்கு மேலே இருந்த மடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் முடி முளைத்தது.

ரோட்லிண்டா ஓடிவந்து பார்த்தாள். அதே தேன் நிறம், நுனியில் அதே சுருள். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மண்ணே எழுந்து நின்று இது அநியாயம் என்று சொல்கிறது, இனி ஒருவரும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்று நினைத்தாள். வுல்ஃபாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் முகம் வெளிறி, நாற்காலிவரை பலகை போடச் சொல்லி, பலகைமேல்தான் நடந்தார். வெட்டச் சொன்னார், வெட்டிய கத்தி மழுங்கியது. கோடரி கொண்டுவந்தார்கள், கோடரியில் பல் விழுந்தது. எரிக்கச் சொன்னார், நாலு நாள் மண்டபம் நாறியது, ஐந்தாம் நாள் முடி முற்றத்திலும் முளைத்தது, பத்தாம் நாள் லாயத்துக்குப் பின்னாலும், மாதம் முடிவதற்குள் கோதுமை வயல்களின் வரப்பிலும், ஆற்றங்கரையிலும், கல்லறைகளுக்கு இடையிலும் முளைத்து, காற்று வீசினால் நாடே தலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பௌர்ணமி அன்று அது பழுத்தது. இரும்புக்கு மசியாத முடி, பௌர்ணமிக் காலையில் தொட்டதும் கழன்று கையோடு வந்தது. மறுநாள் புதிதாக முளை விட்டது. முதலில் கண்டுபிடித்தவள் படித்துறையில் கயிறு திரிக்கும் ஓடா என்ற விதவை. வாரிக்கொண்டு போய் மூன்று புரியாகத் திரித்துப் பார்த்தாள். அந்தக் கயிறு எந்த வெள்ளத்திலும் அறுபடவில்லை, எந்தக் கத்திக்கும் அறுபடவில்லை. அடுத்த பௌர்ணமிக்குப் படகுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். அதற்கடுத்த பௌர்ணமிக்கு நாடே வந்தது. கூரைக்கு வேய்ந்தார்கள், தலையணைக்குள் அடைத்தார்கள், வில்லுக்கு நாண் முறுக்கினார்கள், சல்லடை பின்னினார்கள், தொட்டிலுக்கு மெத்தையாக விரித்தார்கள். முடி மெத்தையில் படுத்த குழந்தைகள் அழுவதில்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது. அழுத குழந்தைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பாதிரியார் முதல் ஞாயிறு அதைப் பிசாசின் வேலை என்றார். கோயில் மணிக்கு அந்தக் கயிறு கட்டிய பிறகு வந்த ஞாயிறு, ஆண்டவரின் சித்தம் என்றார். அதற்கடுத்த ஞாயிறு ஒன்றும் சொல்லவில்லை, அறுவடைக்கு யார் யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் அறிவித்தார்.

வுல்ஃபார் பலகையை எடுக்கச் சொல்லிவிட்டார். இப்போது முடிமேலேயே நடந்தார். அறுவடையில் மூன்றில் ஒரு பங்கு மண்டபத்துக்கு என்றார், ஜனங்களும் சரி என்றார்கள், ஏனென்றால் மீதி இரண்டு பங்கே அவர்களுக்கு அதுவரை கிடைத்திராத வரும்படி. வுல்ஃபார் வந்த நேரம் நாடு செழிக்கிறது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

இதைக் கேட்ட அன்று ரோட்லிண்டா நேராகப் படித்துறைக்குப் போனாள். ஓடா புரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது யாருடைய முடி, தெரியுமா உனக்கு?"

"தெரியாமல் என்னம்மா?" என்றாள் ஓடா, கையை நிறுத்தாமல். "சின்ன எஜமானுடையது. தினமும் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் கயிற்றில் கை வைக்கிறேன்."

"கும்பிட்டுவிட்டு?"

"கும்பிட்டுவிட்டு."

"வெட்டியது அநியாயம் என்று தெரியும்?"

"தெரியும்மா. ஊருக்கே தெரியும். நியாயமாக வெட்டியிருந்தால் இது முளைத்திருக்குமா?" ஓடா முகத்தில் கேலி இல்லை. கஷ்டப்பட்ட வருடங்களில் மூன்று பிள்ளைகளைப் புதைத்தவள் அவள். நான்காவது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. "கோபம் வந்தால் அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கயிற்றை மட்டும் கேட்காதீர்கள்."

ரோட்லிண்டா அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். ஆண்டவன் வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்து வாய்விட்டுச் சொன்னாலும் இவர்கள் அந்தக் கிழிசலில் துணி காயப்போடுவார்கள் என்று நினைத்தபடி மேடேறினாள். மண்டபத்தில் அவளுக்கு இன்னொரு செய்தி காத்திருந்தது. வுல்ஃபார் அவளை உட்காரச் சொன்னார்.

"மலைக்கு அந்தப் பக்கத்துப் பிரபுவுக்கு உன்னைப் பேசி முடித்திருக்கிறேன். வசந்தகாலச் சபை முடிந்ததும் கிளம்ப வேண்டும். அரசனுடைய தூதர் சபைக்கு வருகிறார், என்னைக் கோமகன் என்று உறுதி செய்ய. அதற்குள் நீ ஒரு நல்ல மகளாக நடந்துகொண்டால் போதும். இன்னும் என்ன சித்தப்பா, சித்தப்பா என்று? அந்தச் சொல்லிலேயே அப்பா இருக்கிறார். முன்னால் இருப்பதை மட்டும் விட்டுவிடு."

"ஈட்டியை எடுத்த கைக்கு எந்தச் சொல் பொருந்தும் சித்தப்பா?" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். பயந்த காலத்தில் அவர் அவளை அறைந்திருப்பார். இப்போது சிரிக்கும் அளவுக்கு நாடு அவருக்குப் பழகியிருந்தது. கிஸெலா அங்கேதான் இருந்தாள், ஆறு மாத வயிற்றோடு, கம்பளி நூற்றுக்கொண்டு.

இலையுதிர்காலம் முடியும்போது ரோட்லிண்டா தம்பியைப் பார்க்க மடத்துக்குப் போனாள். அவன் புதுக் கோயிலுக்குக் கல் சுமந்துகொண்டிருந்தான். வாரம் ஒருமுறை மழித்த தலையில் வெயில் பட்டுப் புண்ணாகித் தோல் உரிந்திருந்தது. தோள் இரண்டு மடங்காகியிருந்தது. அவள் ஒரு கற்றை முடியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தாள். அவன் பார்த்தான், தொடவில்லை.

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கயிறு, கூரை, கோயில் மணி, மூன்றில் ஒரு பங்கு, சந்தைப் பேச்சு எல்லாம். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. "உனக்காக அவனைக் கொல்லப் போகிறேன்," என்று முடித்தாள். "உனக்குச் செய்ததற்காக. உன் முடிக்காக, உன் பெயருக்காக, உன் நாற்காலிக்காக."

அடல்மர் கல்லை இறக்கி வைத்தான்.

"அக்கா, முடியை எடுத்தாய். எடுக்காவிட்டால் கழுத்து போயிருக்கும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் இப்போது என் கோபத்தையும் நீயே எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிகிறாய். அதைத் திருப்பிக் கொடு. இந்தக் கல்லைத் தூக்க எனக்கு அது வேண்டும்."

"அப்படியென்றால் நான் என்ன செய்ய?"

"உனக்கென்று ஒன்று இருக்குமே. கத்தரிக்கோலை நீயே எடுக்கும்படி செய்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் உன்னைத் தள்ளப் போகிறார்கள். அதற்கெல்லாம் உனக்குக் கோபம் வரவில்லையா?"

திரும்பி வரும் வழியில் அவளுக்கு அது வந்தது. முதலில் மெதுவாக, தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதுபோல அடியிலிருந்து ஒரு குமிழ். பிறகு நிறுத்த முடியவில்லை. என் கையை எடுத்துத் தீர்ப்பு எழுதினார்கள், என் கையையே! என்னைக் கேட்டார்களா? அம்மா கேட்டாளா? குளிர்காலம் முழுவதும் அவள் படித்துறையில் ஓடாவோடு உட்கார்ந்து கயிறு திரிக்கக் கற்றுக்கொண்டாள். கோமகன் மகளுக்கு மனசு மாறிவிட்டது என்று ஊர் சந்தோஷப்பட்டது. போட்டவள் உயிரோடு இருக்கும்வரை அவிழாத ஒரு முடிச்சு ஓடாவுக்குத் தெரியும். எதற்கு என்று கேட்காமலேயே அதையும் சொல்லிக்கொடுத்தாள்.

பனி உச்சத்தில் இருந்தபோது கிஸெலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது, தலை நிறைய முடியோடு.

வசந்தம் வந்தது. சபைக்கு முந்தின நாளே தூதர் ஆற்றைக் கடந்துவிட்டார். அப்போதுதான் வுல்ஃபாருக்குத் தன் தலையைப் பற்றிய கவலை முற்றியது. ஐம்பது வயதில் அவருடைய முன்நெற்றி பாதி மண்டைவரை ஏறியிருந்தது, பின்னால் எலிவால்போல நாலைந்து சடை. தேன் நிற முடி தரையெல்லாம் அலையடிக்கும் மண்டபத்தில் இந்தத் தலையோடு தூதர் முன்னால் எழுந்து நிற்பதா? தரை முடியைத் தன் முடியோடு சேர்த்துப் பின்னச் சொன்னார். பின்னுவதற்கு ரோட்லிண்டாவைக் கூப்பிட்டார்.

"வெட்டிய கையே பின்னட்டும். சபை பார்க்கட்டும். அதற்குப் பிறகு ஒருத்தன் வாய் திறக்க மாட்டான்."

காலை வெளிச்சத்தில், அத்தனை வீரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டாள். பழுத்து உதிர்ந்த முடியை ஒரு கூடையில் வைத்திருந்தார்கள். அவள் கூடைக்குள் கையை விட்டு எடுப்பதுபோலப் பாவித்து, நாற்காலியின் பின்னால் தரையில் வேரோடு நின்ற முடியை இழுத்துப் பின்னினாள். பௌர்ணமிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒன்பது சடை. ஒவ்வொன்றும் அவருடைய மண்டைத்தோலை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஓடாவின் முடிச்சு.

"வலிக்கிறது," என்றார் வுல்ஃபார்.

"அசையாதீர்கள். சடை கோணும்."

நிமிர்ந்தபோது அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். கிஸெலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றிருந்தாள். அந்த இடத்திலிருந்து சடை எங்கே போகிறது என்று நன்றாகத் தெரியும். கிஸெலா பார்த்தாள், முடிச்சு முடிச்சாகப் பார்த்தாள், பிறகு குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

தூதர் உள்ளே வந்தார். கையில் அரசன் அனுப்பிய, வாளைத் தொங்கவிடும் இடைவார். கோமகன் எழுந்து மூன்று அடி நடந்து வந்து அதை வாங்க வேண்டும், அதுதான் முறை. வுல்ஃபார் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாடே அவரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல நாற்காலியில் விழுந்தார். மறுபடி எழுந்தார், மறுபடி விழுந்தார். கால் சுளுக்கு என்றார். தூதர் காத்திருப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். மத்தியானம் ஆயிற்று. பின்னால் போய்ப் பார்த்தவர்கள் கத்தியை மழுக்கிக்கொண்டு திரும்பினார்கள். மறுநாளும் வுல்ஃபார் நாற்காலியிலேயே தின்றார், நாற்காலியிலேயே தூங்கினார், அதற்கு மேல் சொல்ல வேண்டாம், மண்டபத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். சபை வியக்கவில்லை. முளைத்த முடி பிடிக்கத்தானே செய்யும் என்றார் ஒரு கிழ வீரர். மூன்றாம் நாள் காலை தூதர், அரசனுக்காக எழ மறுக்கும் மனிதரைப் பற்றி அரசனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வதாகக் கூறிக் குதிரையைக் கேட்டார்.

"நில்லுங்கள்!" என்று வுல்ஃபார் கத்தினார். முகம் நீலம் பாரித்திருந்தது. "என் முடியை வெட்டுங்கள். லாயக்காரனைக் கூப்பிடு! அந்நியக் கை வெட்டினால் வெறும் காயம். வளர்ந்துவிடும். எல்லாரும் சாட்சி!"

லாயக்காரன் கத்தரிக்கோலோடு வந்தான். கிஸெலா அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் இவர் மனைவி," என்று சபையைப் பார்த்துச் சொன்னாள். ஒரு வருடமாக அவள் குரலையே யாரும் கேட்டிருக்கவில்லை. "இந்த வீட்டுப் பெண்."

ஒன்பது சடை, மண்டைத்தோலை ஒட்டி அவருடைய சொந்த முடியில் ஒன்பது வெட்டு. வுல்ஃபார் விடுபட்டு முன்னால் குப்புற விழுந்தார். கிஸெலா அவரைத் தாண்டிப் போய், குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து, அது சரியாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையைத் தூதரிடம் நீட்டினாள். தூதர் குழந்தையின் தலையைப் பார்த்தார், முடி இருந்தது. இடைவாரைக் கொடுத்தார். வீரர்கள் கேடயத்தைத் தட்டினார்கள்.

ரோட்லிண்டாவுக்குக் காது அடைத்தது. "அடல்மரைக் கூட்டி வாருங்கள்," என்றாள். "நாற்காலி அவனுடையது."

"மொட்டைத் தலைக்கு இங்கே இடமில்லை. சட்டம்," என்றாள் கிஸெலா தாழ்ந்த குரலில். "மொட்டை அடித்தது நீ."

"உன் கை அன்றைக்கு ஏன் எழவில்லை?"

"அன்றைக்கு எழுந்திருந்தால் இன்றைக்கு இருந்திருக்காது. நீ கோபப்பட்டாய், நான் காத்திருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் உன்னை அனுப்ப மாட்டேன், போதுமா? இந்த ஆளை மடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வா."

ரோட்லிண்டா கொண்டுபோனாள். வழியெங்கும் ஜனங்கள் முடிக்கு இடையில் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிய கையோடு நடந்த மொட்டைத் தலையரை நிமிர்ந்து பார்த்தார்கள், பௌர்ணமிக்கு எத்தனை நாள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், மறுபடி குனிந்தார்கள். மடத்து வாசலில் அடல்மர் நின்றான். சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தான். கல் சுமக்கும் கம்பின் ஒரு முனையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, மறுமுனையைக் காட்டினான்.

"வாங்க சித்தப்பா. மெதுவாக நடக்க மாட்டேன்."

பிறகு அக்காவிடம் திரும்பினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலியில் இருக்கும் குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது அவன் சிரித்துவிட்டான், சந்தோஷமான சிரிப்பில்லை.

"அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறாய்?"

"நிறைய," என்றாள்.

குதிரையில் ஏறியவள் வழியெல்லாம் அதை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல வார்த்தை குறைந்துகொண்டே வந்தது. மண்டபக் கதவைத் திறந்தபோது சபை இன்னும் கலையவில்லை. குழந்தை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தது. கிஸெலா ஓர் எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டிருந்தாள். ரோட்லிண்டா யாரும் கூப்பிடாமலேயே சபையின் நடுவே போய், ஆண்கள் நின்று வழக்கு உரைக்கும் இடத்தில் நின்றாள். ஒரு வீரன் அவள் தோளைத் தொட்டு ஒதுக்கப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான்.

"அடுத்த வழக்கு என்னுடையது," என்றாள். "என் கையால் தீர்ப்பு எழுதியவர்கள்மேல். அம்மா, எழுந்து நில்."

கிஸெலா எழுந்து நின்றாள்.